சொல் விளக்கம்: பஃபர் ஸ்டேட்

பழைய ரயில்பெட்டியின் முனையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கொக்கி, அதற்கு இருபுறமும் தோசைக்கல் மாதிரி இரண்டு இரும்புத் தட்டுகள். எஞ்சின் வந்து முட்டும்போது 'டம்' என்று அடியை வாங்கி, உள்ளே இருக்கும் வில்லால் தணிப்பவை அவைதான். அதற்குப் பெயர் பஃபர். மெத்தென்று அடி விழும் ஓசையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

1880-களில் இந்தச் சொல் ரயிலிலிருந்து இறங்கி அரசியலில் ஏறிக்கொண்டது. இரண்டு வல்லரசுகள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளாதபடி நடுவில் கிடக்கும் நாடு, பஃபர் ஸ்டேட். ஆப்கானிஸ்தான்தான் கச்சிதமான உதாரணம். பிரிட்டிஷ் இந்தியாவும் ரஷ்யாவும் எல்லையில் உரசக் கூடாதென்று 1895-இல் வாகான் என்ற மலைத்துண்டை ஆப்கானிஸ்தானுக்கென்று ஒதுக்கினார்கள். நீளம் சுமார் 350 கிலோமீட்டர். குறுகலான இடத்தில் அகலம் 15 கிலோமீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் வாணலியின் கைப்பிடி போலத் தெரியும். அப்போது ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மான் அதை ஆசைப்பட்டுக் கேட்கவுமில்லை.

பஃபர் என்று சொன்னதுமே பேச்சு மோதப்போகும் இரண்டு பெட்டிகளைப் பற்றியதாகிவிடுகிறது. நடுவில் இருப்பது வெறும் உதிரிபாகம். உதிரிபாகத்திடம் யார் சம்மதம் கேட்பார்கள்? உக்ரைனை பஃபராக விட்டிருக்கலாமே என்று வாதிடுகிறவர்கள் பலரின் பேச்சில் உக்ரைன்காரர்கள் வருவதே இல்லை.

நடுவில் இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். அப்துர் ரஹ்மான் பெயரில் 1900-இல் வந்த தன்வரலாறு, தன் நாட்டை இரு சிங்கங்களுக்கு நடுவே ஆடு என்கிறது. திரிகையில் மாட்டிய கோதுமை மணி என்றும் சொல்கிறது. நேபாள மன்னர் பிரித்வி நாராயண் ஷாவோ, இரு பாறைகளுக்கு நடுவே கிழங்கு என்றார். வில்லும் இல்லை, தணிப்பும் இல்லை, நசுங்குவது மட்டும்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேதியியலில் பஃபர் கரைசலை 'தாங்கல் கரைசல்' என்று படித்தவர்களுக்கு 'தாங்கல் நாடு' உடனே தோன்றும். ஆனால் தாங்கல் என்றால் நமக்கு ஏரியும் மனத்தாங்கலும் நினைவுக்கு வந்துவிடும். 'நடுநிலை நாடு' தவறு. அது யார் பக்கமும் சேராத கொள்கையைக் குறிப்பது. நான் 'இடைதாங்கு நாடு' என்று எழுதுகிறேன். இருக்கும் இடமும் படும் பாடும் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. மேடையில் பேசுவதானால் 'மத்தள நாடு' போதும். இரண்டு பக்கமும் இடி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.