பழைய கற்சிலுவையைத் தேய்க்காதீர்கள்

அந்தச் சிலுவையின் ஒரு பக்கம் மட்டும் நேற்று வெட்டிய கல் மாதிரி வெளுத்திருந்தது. வேல்ஸில் ஒரு சின்ன கிராமத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். யாரோ அக்கறையோடுதான் பாசியைச் சுரண்டியிருக்கிறார்கள், கம்பி பிரஷ்ஷால். தேய்க்காத பக்கத்தில் பின்னல் வேலைப்பாட்டின் ஒவ்வொரு இழையும் விரலுக்குத் தட்டுப்பட்டது. தேய்த்த பக்கத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. கல் பராமரிப்பு வேலையில் இத்தனை வருடம் இருந்தும், இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. போன செதுக்கலை யாராலும் திருப்பித் தர முடியாது.

கல்லில் வட்ட வட்டமாகப் படிந்திருப்பது பெரும்பாலும் அழுக்கு இல்லை, லைக்கன்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. அதில் பல வகைகள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கை அகலத் திட்டு என்றால் அதற்கு நம் தாத்தாவைவிட வயது அதிகம் இருக்கலாம். அதைப் பிய்த்தால் அடியில் இருக்கும் மணலும் சேர்ந்து உதிரும்.

எழுத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவுதானே? சாக்பீஸால் தேய்த்துப் பார்க்க வேண்டாம். இருட்டும் நேரத்தில் போய், டார்ச்சைக் கல்லுக்கு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து வரும். வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷையரில் நெவர்ன் தேவாலயத்து முற்றத்தில் ஏறக்குறைய 4 மீட்டர் உயரச் சிலுவை ஒன்று நிற்கிறது. 10 அல்லது 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இரண்டு கற்களைப் பொருத்திச் செய்தது. அதில் இருக்கும் சில எழுத்துகளுக்கு இன்னும் உறுதியான பொருள் கிடைக்கவில்லை. தேய்த்துவிட்டால் தேடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம், சிமெண்ட். விரிசலை அதால் அடைக்கிறார்கள். சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி. உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. குளிரில் அந்த ஈரம் உறைந்து பருத்து, சுற்றியுள்ள கல்லைத்தான் உடைக்கும். சுண்ணாம்புக் காரைதான் சரி, அதுவும் பழகிய கை பூச வேண்டும்.

1643-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சிலுவைகளை அகற்ற உத்தரவிட்டது. வேல்ஸில் செயின்ட் டோனட்ஸ் ஊரில் இருக்கும் 15-ஆம் நூற்றாண்டுச் சிலுவை போல முழுசாகத் தப்பியவை கொஞ்சம்தான். பல ஊர்களில் படிக்கட்டும் ஒரு முண்டுக்கல்லும்தான் மிச்சம். புல்வெட்டும் மெஷினின் நைலான் நரம்பு அடிக்கடி சீவுவது அந்த மிச்சத்தைத்தான். கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் புல்லைக் கையால் வெட்டச் சொல்லுங்கள்.

உடைந்த துண்டு கண்ணில் பட்டால் எடுக்காமல், கிடந்த இடத்திலேயே ஒரு படம் பிடியுங்கள். தேவாலயப் பொறுப்பாளரிடமோ, வேல்ஸ் அரசின் தொல்லியல் பாதுகாப்பு அமைப்பான கடூவிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.