பீம் தாங்கும், வெல்டிங் தாங்குமா?

கப்பலூரில் இரண்டு தளக் கிடங்கு ஒன்றை இரும்புச் சட்டகத்தில் கட்டிக்கொண்டிருந்தார் ஒரு வியாபாரி. நான் கொடுத்த வரைபடத்தைப் புரட்டிவிட்டு, “மதுரைக்கு எதற்கு சார் நிலநடுக்கக் கணக்கு? இது என்ன குஜராத்தா?” என்றார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு மதுரையை இரண்டாம் மண்டலத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பதிப்பில் இதுதான் மிகக் குறைந்த மண்டலம்; ஆட்டத்தின் கடுமையைக் குறிக்கும் எண் 0.10. குஜராத்தின் கட்ச் பகுதிக்கு 0.36. ஆனாலும் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் நிலம் ஆடியிருக்கிறது. கொங்கு நாடு நமக்கு அவ்வளவு தூரமில்லை.

அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது: “இரும்புதானே சார், வளையும். ஒடியாது.”

லாஸ் ஏஞ்சலஸ் பொறியாளர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 1994 ஜனவரி 17 அதிகாலை 4.31 மணிக்கு நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நிலநடுக்கம் வந்தது. வெல்டிங் செய்த இரும்புச் சட்டகக் கட்டடம் ஒன்றுகூட இடிந்து விழவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பிறகு தூணை மூடியிருந்த பூச்சையும் பொய்க்கூரையையும் பிரித்துப் பார்த்தபோது, பீம் தூணோடு சேரும் இடங்களில் விரிசல்கள். சில விரிசல்கள் தூணுக்குள்ளேயே ஓடியிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இதே கதை. வெளிச்சுவரில் கீறல்கூட இல்லாத கட்டடங்களும் அவற்றில் உண்டு. சரியாக ஓராண்டு கழித்து, அதே ஜனவரி 17இல், ஜப்பானின் கோபேயில் வந்த நிலநடுக்கத்தில் இரும்புச் சட்டகங்கள் விழவே விழுந்தன.

கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் பல தடவை தாக்குப்பிடித்து, சூடேறி, பிறகுதான் ஒடியும். அந்தப் பொறுமைதான் இரும்பின் பலம். நார்த்ரிட்ஜில் ஒடிந்த இணைப்புகள் பல அப்படி வளையவே இல்லை. பீங்கான் மாதிரி பட்டென்று விட்டன.

பெரும்பாலான விரிசல் பீமின் கீழ்ப் பிளாஞ்சில், அதாவது ‘ஐ’ வடிவப் பீமின் அடித்தகட்டில், தொடங்கியது. மேல் பிளாஞ்சுக்குக் கான்கிரீட் தளம் துணை நிற்பதால் இழுவை கீழே கூடுகிறது. போதாக்குறைக்கு, அந்த வெல்டிங்கை ஒரே ஓட்டமாக இட முடியாது. நடுத்தகடு குறுக்கே நிற்கிறது. அதில் வெட்டிய சின்னத் துளை வழியாக வெல்டிங் முனையை நுழைத்து, நிறுத்தி, மறுபக்கம் போய்த் தொடர வேண்டும். குறை சேருவது சரியாக அந்த நடுவில்தான். இதற்கு மேல், உருகிய உலோகம் ஒழுகாமல் இருக்க அடியில் வைக்கும் பட்டையை அப்படியே விட்டுவிடுவார்கள். பட்டைக்கும் தூணுக்கும் இடையில் நிற்கும் மெல்லிய இடைவெளி, விரிசலுக்கு யாரோ முன்கூட்டியே போட்டுக் கொடுத்த கீறல். அன்று அங்கே பயன்பட்ட வெல்டிங் கம்பியும் அதிர்வைத் தாங்கும் குணம் குறைந்தது.

நம் ஊர்ப் பட்டறைகளில் எதற்கும் 6013 ரக வெல்டிங் ராடுதான். ஜன்னல் கிராதிக்கும் கேட்டுக்கும் அது போதும். ஆனால் அதிர்வுத் தாங்குதிறனுக்கான சோதனை எதுவும் அந்த ரகத்துக்குக் கட்டாயமில்லை. பீம், தூண் இணைப்புக்கு நான் எழுதுவது 7018 ரகம். அதைச் சூடான பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். நமத்த அப்பளம் பொரியாது என்பது போலத்தான், ஈரம் ஏறிய ராடு வெல்டிங்குக்குள் ஹைட்ரஜனை விட்டு விரிசலுக்கு வழி செய்யும். கப்பலூரில் பிரித்த பாக்கெட் சிமெண்ட் மூட்டை மேல் திறந்து கிடந்தது. ஒப்பந்ததாரரிடம் அன்று நான் கொஞ்சம் கத்தியதாக நினைவு.

இரும்புக் கட்டுமானத்துக்கான நம் ஐ.எஸ். 800 விதியின் 2007 பதிப்பு, நிலநடுக்கத்தைத் தாங்கும் விறைப்பான இணைப்பு, பீம் முழுதாக வளையத் தேவைப்படும் அளவைப் போல் குறைந்தது 1.2 மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. வளைவது பீமாக இருக்கட்டும், இணைப்பு நிற்கட்டும் என்பது கணக்கு. தூணுக்குச் சற்றுத் தள்ளிப் பீமின் பிளாஞ்சை இருபுறமும் வளைவாகச் செதுக்கி, வளையும் இடத்தை நாமே குறித்துவிடும் முறையும் உண்டு. இதைச் சொன்னபோது, “எடைக்குக் காசு கொடுத்து வாங்கிய இரும்பை வெட்டி எறியவா?” என்று அண்ணாச்சி முகம் சுளித்தார். இந்தக் கிடங்குக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் கீழ்ப் பட்டைகளை எடுக்கச் சொன்னேன். முதல் நான்கு இணைப்புகளில் பட்டையை அரைத்தெடுத்து, விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை மருந்து தெளித்தோம். மூன்று சுத்தம். நான்காவதில், திருநீற்றின் மேல் இழுத்த குங்குமம் போல, விரல் நீளத்துக்கு ஒரு கோடு மெல்ல எழுந்து வந்தது. நிலம் ஆடவில்லை, இன்னும் தளம்கூடப் போடவில்லை.

வெல்டர் தம்பி அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே கிரைண்டரை எடுத்துக்கொண்டு ஐந்தாவது தூணுக்கு ஏணியை நகர்த்தினார்.