வரி இல்லை என்றார்கள், பில் எப்படி வந்தது?

2021 பிப்ரவரியில், பல்லாவரத்தில் இருபது பேரை வைத்துத் தோல்பை தைக்கும் ஒரு பாய், சென்னை ராஜாஜி சாலையில் ஏற்றுமதியாளர்கள் வந்து ஆலோசனை கேட்கும் என் அலுவலகத்துக்கு ஒரு பில்லோடு வந்தார். அவரிடம் பை வாங்கும் பிரிட்டன் வியாபாரி, அங்கிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்தின் கடைகளுக்கும் சரக்கு அனுப்புவார். அயர்லாந்தில் கட்டிய இறக்குமதித் தீர்வையை, இவருக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். “பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வரியே கிடையாது என்று செய்தியில் சொன்னார்களே, சார்?” என்று கேட்டார்.

செய்தி பொய்யில்லை. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. பழைய விதிகளே தொடர்ந்த இடைக்கால ஏற்பாடும் அந்த டிசம்பரோடு முடிந்தது. அதன்பின் வந்த ஒப்பந்தம், அந்த இரு தரப்பிலும் உருவான பொருள்களுக்கு மட்டுமே தீர்வையை நீக்கியது. பல்லாவரத்தில் தைத்த பை பிரிட்டன் கிடங்கில் ஆறு மாதம் கிடந்தாலும் பிரிட்டிஷ் பை ஆகிவிடாது. பிரிட்டனுக்குள் நுழையும்போது ஒரு தீர்வை, அயர்லாந்துக்குள் நுழையும்போது இன்னொன்று. முன்பு ஒரு துறைமுகத்தில் கட்டிவிட்டால் பிரிட்டனையும் சேர்த்து ஒன்றியத்தின் 28 நாடுகளுக்கும் தடையின்றிப் போன சரக்கு அது.

அதே மாதம், என்னிடம் வரும் ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. 2020இலேயே நெதர்லாந்தில் கிடங்கு பிடித்து, பிரிட்டன் சரக்கையும் ஐரோப்பியச் சரக்கையும் சென்னைத் துறைமுகத்திலேயே தனித்தனிக் கன்டெய்னர்களில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். கன்டெய்னரை நிரப்பும் அளவுக்குச் சரக்கு இருப்பவரால் அது முடியும். பாயின் சரக்கு கன்டெய்னரில் ஒரு மூலைக்குக் காணாது.

தீர்வை சரக்கின் மதிப்போடு ஏறி இறங்கும். சுங்கப் படிவங்களுக்கான காகிதச் செலவு அப்படி இறங்காது. ஒரு சுங்க அறிவிப்புக்கு முகவர் கூலி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 லட்ச ரூபாய்ச் சரக்கில் அது 0.1 விழுக்காடு, 2 லட்ச ரூபாய்ச் சரக்கில் 4 விழுக்காடு. சிறு தொழிலில் லாபமே சில நேரம் அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை, பலருடைய சரக்கை ஒரே லாரியில் சேர்த்து அனுப்புவது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் அப்படியொரு லாரியில் ஒருவருடைய படிவத்தில் பிழை இருந்தாலும் மற்ற எல்லாருடைய பெட்டிகளும் சேர்ந்தே நிற்கும். ஐரோப்பாவில் அலுவலகம் இல்லாத நிறுவனம் அங்கே இறக்குமதியாளராக இருக்க, உள்ளூர் முகவர் ஒருவரை அமர்த்த வேண்டும். கட்டாத தீர்வைக்கு அந்த முகவரும் பொறுப்பாளி. முன்பின் தெரியாத சிறு வியாபாரிக்காக யார் அந்தப் பொறுப்பை ஏற்பார்கள்? லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 16,400 பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டன. அடி பெரும்பாலும் சிறியவர்கள்மீதுதான் விழுந்தது.

பாயின் ஆர்டர் தாளை வாங்கிப் பார்த்தேன். விற்பனை நிபந்தனையில் ‘டி.டி.பி.’ என்ற மூன்று எழுத்து. சேருமிடத்தில் அயர்லாந்துக் கடைகள். போய்ச் சேரும் இடம்வரை எல்லாத் தீர்வையும் விற்பவர் பொறுப்பு என்று ‘டி.டி.பி.’க்குப் பொருள். பிரிட்டனைத் தாண்டினால் கட்ட ஒன்றுமே இல்லாத காலத்தில் போட்ட கையெழுத்து அது. வாங்குபவரை நொந்துகொள்ளக்கூட வழியில்லை. அந்தப் பணம் திரும்பவில்லை.

இதனால்தான் இப்போது சிறு ஏற்றுமதியாளர் யார் வந்தாலும், சரக்கு கடைசியாக எந்த நாட்டில் விற்கப்படும் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். பாதி ஐரோப்பாவுக்குப் போகும் என்றால் அந்தப் பாதியை இங்கிருந்தே தனி இன்வாய்ஸில் நேராக அனுப்புங்கள். தனியாகக் கட்டுப்படியாகாவிட்டால் பக்கத்துப் பட்டறைக்காரரோடு சேர்ந்து கன்டெய்னர் பிடியுங்கள். டி.டி.பி.யை மறுத்து, கப்பலில் ஏற்றும்வரை மட்டும் விற்பவர் பொறுப்பாக இருக்கும் எஃப்.ஓ.பி. கேளுங்கள். வாங்குபவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதிலிருந்து, தோலுக்கு வரி போய்விடும் என்று தோல் வியாபாரம் நடக்கும் பெரியமேட்டில் எல்லாரும் மகிழ்ச்சியாகப் பேசுகிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சலுகையையும் பொருள் இந்தியாவில் உருவானது என்ற சான்றைக் காட்டித்தான் பெற வேண்டும். தோல், ஜிப், பக்கிள் எங்கே வாங்கினீர்கள் என்ற பில்களை இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேருங்கள். ஆர்டர் தாளை, தோல் வெட்டுவதற்கு முன்பே ஒரு சுங்க முகவரிடம் காட்டிவிடுங்கள்.