112-ஐ அழைப்பதும் வழக்குப் பதிவதும்: மதுரைக் கிராமத்தாருக்கு ஒரு விளக்கம்

நள்ளிரவில் கொட்டகையிலிருந்து ஆடுகள் களவு போனாலும், தோட்டத்துப் பாதையில் தனியே வரும் பெண்ணிடம் சங்கிலி பறிக்கப்பட்டாலும், நம் கிராமங்களில் பலரும் முதலில் அழைப்பது தெரிந்த ஏட்டையாவைத்தான். அவர் விடுப்பில் இருக்கலாம், வேறு நிலையத்துக்கு மாறுதலாகிப் போயிருக்கலாம். போதாக்குறைக்கு, அந்த அழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கட்டணமில்லாத 112 என்ற அவசர உதவி எண்ணுக்குப் பேசினால் அழைத்த நேரம் பதிவாகிறது என்பதால், காவலர் தாமதமாக வந்தார் என்று பின்னர் முறையிட அதுவே சான்றாகும். பழைய 100-ம் இன்றும் செயல்படுகிறது.

இந்த அழைப்பை எடுப்பவர் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருப்பவர் அல்லர். அழைப்பு சென்னையிலுள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்று, அங்கிருந்து மாவட்டத்துக்கும் ரோந்து வாகனத்துக்கும் தகவலாக வருகிறது. ஆகவே 'கல்லுப்பட்டியிலிருந்து பேசுகிறேன்' என்றால் போதாது, தே.கல்லுப்பட்டியா, அதே பெயருள்ள வேறு ஊரா என்பதை அவர் எப்படி அறிவார்? 'புதுக்கோட்டை' என்று மட்டும் சொன்னால், நாகமலைப் புதுக்கோட்டை அவர் நினைவுக்கு வருவதற்கு முன் புதுக்கோட்டை மாவட்டம்தான் வரும். மதுரை மாவட்டம் என்பதை முதலில் சொல்லி, பிறகு வட்டம், ஊராட்சி, ஊர் என்று இறங்கி, கடைசியாகப் பிரதான சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும், மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, கோயில் போன்ற ஓர் அடையாளத்தையும் சொல்ல வேண்டும். சாலை முனையில் ஓர் ஆளை டார்ச்சுடன் நிறுத்தினால், காவலர் வழி கேட்டு அலையும் நேரம் மிச்சமாகும்.

பேச இயலாத நிலைக்காக, 2017 முதல் விற்கப்படும் கைப்பேசிகளில் 112-ஐ அழைக்கும் அவசர பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. சாதாரண கைப்பேசியில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை விரைவாக மூன்று முறை அழுத்த வேண்டும். சில மாடல்களில் இது ஐந்து முறை என்றிருப்பதால், அமைப்புப் பகுதியில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காவலர் வந்து போன பிறகு எழும் சிக்கல் எல்லை பற்றியது. மாநகருக்குக் காவல் ஆணையர், ஊரகப் பகுதிக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் என இரு அமைப்புகள் இருப்பதால், நகரை ஒட்டிய ஊர்க்காரர்கள் 'இது எங்கள் லிமிட் இல்லை' என்ற பதிலைக் கேட்டு அலைந்திருப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கவில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கு நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் அதைப் பற்றிய தகவலைக் கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொன்னால் எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் சென்று கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும்.

சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை வேறு. மனு வந்ததற்கான அத்தாட்சியே ரசீது. அதை வாங்கிக்கொண்டு, வழக்குப் பதிந்தாயிற்று என்று நம்பி வீடு திரும்புபவர் பலர். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றாலும், அதற்குப் பதினான்கு நாட்களே அவகாசம். அதற்குப் பிறகும் ரசீதை மட்டுமே காட்டினால், முதல் தகவல் அறிக்கை எங்கே என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அறுபது வயதைக் கடந்தவர்களையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்கென நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 179-ஆம் பிரிவு. பேருந்து எப்போதாவது மட்டும் வரும் ஊர்களில் இது பெரிய சலுகை.

வழக்கே பதிய மறுத்தால், தகவலின் சாரத்தை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில், சேர்த்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்ப வேண்டும். அங்கும் பலனில்லையெனில், பிரமாண வாக்குமூலத்துடன் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். அப்போது அந்தத் தபால் அத்தாட்சியும் 112-ஐ அழைத்த நேரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.