துருப்புக் கப்பல்: ஏற்றுவதா, காவுவதா?

பழைய போர்ச் செய்திகளில் 'ட்ரூப்ஷிப்' என்ற சொல் வந்தால், அதைப் 'போர்க்கப்பல்' என்று தமிழாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. இது பிழை. போர்க்கப்பல் போரிடும், துருப்புக் கப்பல் போரிடப் போகிறவர்களைச் சுமந்து செல்லும். தற்காப்புக்குச் சில பீரங்கிகள் இருக்கலாம். ஆனால் பகைக் கப்பல் கண்ணில் பட்டால் ஓடித் தப்புவதுதான் அதற்கு விதிக்கப்பட்ட வேலை.

'துருப்பு' தமிழ்ச் சொல் அல்ல. ஆங்கில 'ட்ரூப்' நம் நாக்கில் பட்ட பாடு அது. தமிழில் சொல்லின் முதலில் டகரம் வராது, இரு மெய்கள் அடுத்தடுத்து நிற்கும் மெய்ம்மயக்கமும் வராது. ஆகவே 'ட்ரூ' உடைந்து 'துரு' ஆயிற்று. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சு 'ட்ரூப்' வழியே வந்தது. ஆட்டு மந்தையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் அதன் உறவுதான். சீட்டாட்டத் துருப்பு வேறு குடும்பம்: வெற்றியைக் குறிக்கும் 'ட்ரயம்ஃப்' என்ற சொல்லின் வழித்தோன்றல் அது.

பொருள் விளங்க ஒரு கப்பலைப் பார்க்கலாம். 'அமெரிக்கா' என்ற உல்லாசப் பயணிகள் கப்பல் 1939 ஆகஸ்ட் 31 அன்று நீரில் இறக்கப்பட்டது. மறுநாள் ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. சுமார் 1,200 பயணிகளுக்காகக் கட்டிய அதனை 1941 ஜூனில் அமெரிக்கக் கடற்படை தன் பணியில் சேர்த்து, 'வெஸ்ட் பாயிண்ட்' என்று பெயர் மாற்றி, ஏபி-23 என்ற குறியீடும் தந்தது. 1944-இல் ஒரே பயணத்தில் 9,305 பேர் அதில் இருந்தார்கள். மந்தை என்ற வேர்ப்பொருள் அப்போது பலருக்கு உறைத்திருக்கும்.

1941 நவம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படையினரை ஏற்றிக்கொண்டு அது மற்றத் துருப்புக் கப்பல்களோடு புறப்பட்டது. அமெரிக்க நாடு அப்போது போரிலேயே இறங்கவில்லை என்பது வேடிக்கை. கேப் டவுனை நெருங்கும் வேளையில், அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. பம்பாய் வழியே, 1942 ஜனவரி 29 அன்று சிங்கப்பூரை அடைந்தது. மறுநாள் ஜப்பானியக் குண்டுவீச்சில், உடன் வந்த 'வேக்ஃபீல்ட்' கப்பலில் ஐவர் மாண்டனர். வெஸ்ட் பாயிண்ட், தப்பியோட வந்த 1,276 பேரை ஏற்றிக்கொண்டு நழுவியது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. கப்பல் இறக்கிவிட்டுப் போன படையினர் பதினேழே நாளில் கைதிகள் ஆனார்கள். துருப்புக் கப்பலின் பணி வரலாறு கப்பலோடு முடிவதில்லை. இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் அதில் சேரும்.

போர் முடியும்வரை மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரை அது கொண்டு சேர்த்தது. பெரும்பாலும் காவல் கப்பல் இல்லாமல், வேகத்தை மட்டும் நம்பி ஓடியது. 1946-இல் மீண்டும் 'அமெரிக்கா' ஆனது.

இனித் தமிழ்ச் சொல். 'படைக்கப்பல்' என்றால் கடற்படையின் எந்தக் கப்பலையும் குறித்துவிடும். 'படையேற்றிக் கப்பல்' சரிதான். ஆனால் ஏற்றுவது துறைமுகத்தில் நடக்கும் சில மணி நேர வேலை. ஆயிரக்கணக்கான கல் தொலைவு சுமந்து செல்வதை அது சொல்லவில்லை. இலங்கைத் தமிழர் 'துருப்புக்காவி' என்கிறார்கள். காவுதல் என்றால் சுமத்தல். அங்கே இன்றும் அன்றாட வழக்கு. நோயைப் பரப்பும் கொசு அவர்களுக்கு 'நோய்காவி'. சொல் புதிதும் அல்ல: யாழ் முதலிய கருவிகளைத் தோளில் சுமந்து கிளம்பும் ஔவை, புறநானூற்றில் 'காவினெம் கலனே' என்கிறார். துருப்பை நீக்கிப் படையைச் சேர்த்தால் 'படைகாவி' கிடைக்கிறது. தரையில் உருளும் ஊர்திக்கும் பறக்கும் விமானத்துக்கும் அதே சொல் பொருந்தும் என்பதால், கடலில் செல்வதைப் 'படைகாவிக் கப்பல்' என்று முழுதாக எழுதுவது நல்லது.

ஒரு தடை உண்டு. 'காவி' என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு நிறம்தான் நினைவுக்கு வரும். சொல்லைப் பிரித்து எழுதாமல் படையோடு ஒட்டியே எழுதினால் குழப்பம் பாதி குறையும். மீதிப் பாதிக்கு, கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'துருப்புக் கப்பல்' என்றும் எழுதிவிடலாம்.