சிவப்பணு அளவில் ஒரு காளை

பல் மருத்துவர் சொத்தையை அடைத்துவிட்டு, பேனா மாதிரியான ஒரு நீல விளக்கைச் சில நொடிகள் காட்டுவார். பசையாக இருந்த கலவை கெட்டியாக இறுகிவிடும். அந்தக் கலவையில் ஒளியை உறிஞ்சும் மூலக்கூறுகள் உண்டு. வெளிச்சம் பட்டதும் அவற்றிலிருந்து தனி உறுப்புகள் (free radicals), அதாவது எதோடும் வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டுகள், பிறக்கின்றன. அவை பக்கத்திலிருக்கும் சிறு மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளைத் திறந்து, ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்குகின்றன.

இதே வேதியியலைக் கொண்டு, திரவப் பிசினின் நடுவில், மேலேயும் கீழேயும் எதுவும் இறுகாமல், ஒரே ஒரு புள்ளியை மட்டும் திடமாக்க முடியுமா? சாதாரண ஒளியால் முடியாது. லென்ஸ் வைத்து என்னதான் குவித்தாலும், ஒளி குவியத்துக்குப் போகிற வழியெல்லாம் உறிஞ்சப்படும். பிசின் மேற்பரப்பிலேயே இறுகத் தொடங்கிவிடும்.

இதற்கான விடை, லேசர் பிறப்பதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது. 1930-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மரியா கோப்பர்ட்-மேயர் தந்த முனைவர் பட்ட ஆய்வேடு அது. (1963-இல் அவருக்கு நோபல் கிடைத்தது வேறொரு வேலைக்காக, அணுக்கருவின் கூடு அமைப்புக்காக.) ஒரு ஃபோட்டானின் (ஒளித் துகளின்) ஆற்றல் போதாதபோது, மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களை விழுங்கி அந்தக் குறையை ஈடுகட்டலாம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். சோதனையில் அது உறுதியானது 1961-இல், லேசர் வந்த மறு ஆண்டு.

ஏன் அவ்வளவு தாமதம்? நல்ல வெயிலில் ஒரு ரோடமைன் சாய மூலக்கூறு நொடிக்கு ஒரு முறை போலத் தனி ஃபோட்டானை விழுங்கும். இரண்டைச் சேர்த்து விழுங்க வேண்டுமென்றால், சுமார் ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு முறைதான் வாய்க்கும். அவ்வளவு அரிது. அந்த அரிய குணம்தான் இங்கே உளியாகிறது. ஒளியின் செறிவு இருமடங்கானால் இரட்டை விழுங்கல் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்கு. ஆகவே கற்றை மிகமிக ஒடுங்கும் குவியத்தில் மட்டும் வினை நடக்கிறது. சற்றே விலகினாலும் ஒன்றுமில்லை.

பெரும்பாலும் பயன்படுவது 780 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள சிவப்பு எல்லை ஒளி. பிசின் இதற்குக் கண்ணாடி போல வழிவிடும். இரண்டு ஃபோட்டான் கூடினால் 390 நானோமீட்டர் புற ஊதா ஃபோட்டானின் ஆற்றல் வந்துவிடுகிறது. லேசர் விட்டுவிட்டுத் துடிக்கும்: நொடிக்கு 8 கோடித் துடிப்புகள், ஒவ்வொன்றும் 100 ஃபெம்டோநொடி, அதாவது நொடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 0.03 மில்லிமீட்டர்தான் நகரும். சராசரி சக்தி 20 மில்லிவாட்தான் என்றாலும், துடிக்கும் கணத்தில் அது இரண்டரை கிலோவாட்டாக எகிறுகிறது.

பிசினில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் ஒத்தாசை செய்கிறது. குறைவாகப் பிறக்கும் தனி உறுப்புகளை அது தின்றுவிடுவதால், ஓரங்களில் சங்கிலி வளர்வதில்லை. இறுகும் புள்ளி, பயன்படுத்தும் ஒளியின் அலைநீளத்தைவிடவும் சிறியதாகிறது.

1997-இல் ஜப்பானின் ஷோஜி மருவோ, ஒசாமு நகமுரா, சதோஷி கவாட்டா ஆகியோர் இந்த முறையில் முப்பரிமாண வடிவங்களை உருவாக்கினர். 2001-இல் கவாட்டாவின் ஒசாகா குழு ஒரு காளையைச் செய்தது: 10 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) நீளம், 7 மைக்ரோமீட்டர் உயரம். கிட்டத்தட்ட ஒரு ரத்தச் சிவப்பணு. கொம்பும் வாலும் கூடத் தெளிவு. முழு உடலையும் புள்ளி புள்ளியாக நிரப்ப 3 மணி நேரம் ஆனது; தோலை மட்டும் வரைந்தபோது 13 நிமிடத்தில் முடிந்தது.

வரைந்து முடித்த பிறகுதான் உண்மையான பதற்றம் என்பேன். இறுகாத பிசினைக் கரைப்பானில் கழுவி எடுத்தாக வேண்டும். ஆனால் கரைப்பான் உலரும்போது, கடைசித் துளியின் பரப்பு இழுவிசை மெல்லிய தூண்களை ஒன்றோடொன்று சாய்த்து ஒட்டிவிடும். மணிக்கணக்கில் எழுப்பிய கட்டடம் அங்கே கவிழும். அதனால் நுட்பமான வடிவங்களை அழுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடில் வைத்து, திரவ-வாயு எல்லையே இல்லாத நிலை வழியாக உலர்த்துகிறார்கள்.

பொம்மையோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஆய்வாளர்கள் 2016-இல் ஒளியிழையின் நுனியிலேயே 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள மூவடுக்கு லென்ஸை அச்சிட்டார்கள். ஊசி வழியே நுழைந்து உடலின் உட்புறத்தைப் பார்க்கும் அகநோக்கிக்கு (எண்டோஸ்கோப்) அது போதும். அதே ஆண்டு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில், அச்சிட்ட சட்டகத்தை 900 டிகிரி செல்சியசில் சுட்டார்கள். அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, 200 நானோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் கரிக் கம்பிகளாலான வலையாயிற்று. எடை தண்ணீரைவிடக் குறைவு, வலிமையோ அசாத்தியம்.

சிக்கல் வேகத்தில்தான். ஒரு புள்ளி 200க்கு 200க்கு 500 நானோமீட்டர் என்று வைத்தால், கடுகைவிடச் சிறிய ஒரு கன மில்லிமீட்டரை நிரப்ப 5,000 கோடிப் புள்ளிகள் வேண்டும். நொடிக்கு 1 லட்சம் வைத்தாலும் கிட்டத்தட்ட 6 நாள். 2012-இல் வியன்னா குழு, ஆடிகளை வேகமாகத் திருப்பி 285 மைக்ரோமீட்டர் பந்தயக் காரை 4 நிமிடத்தில் முடித்தது. லேசரின் சக்தியைக் கண்டபடி கூட்டவும் வழியில்லை. பிசின் கொதித்துக் குமிழி விட்டால் செய்தது பாழ். அதனால் 2020-இல் கார்ல்ஸ்ரூவேயில் கற்றையை 9 குவியங்களாகப் பிரித்து, நொடிக்கு 1 கோடிப் புள்ளிகள் வரை எட்டினார்கள். அந்த வேகத்தில் அதே கன மில்லிமீட்டருக்கு 83 நிமிடம்.