டிரம் மெஷினுக்கு கிடார் பெடல் வாங்கப் போகிறீர்களா?

குன்னூரில் கீபோர்டு, மிக்சர், ரிதம் பேட் பழுது பார்ப்பது என் தொழில். சமீப காலமாக இன்னொரு வகைப் பொருளும் மேஜைக்கு வருகிறது: உள்ளங்கை அகல சிந்தசைசர், டிரம் மெஷின், கூடவே ஒரு டிஸ்டார்ஷன் பெடல், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி. கோத்தகிரிப் பக்கம் படுகப் பாட்டுக்கு கீபோர்டு வாசிக்கும் தம்பிகள், ஊட்டியில் அறைக்குள்ளேயே பாட்டு உருவாக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் கொண்டு வருகிறார்கள். “அண்ணா, பெடல் போயிடுச்சு, கெயினை முழுக்கக் குறைச்சாலும் கரகரங்குது” என்பார்கள். திறந்து பார்த்தால் பெடல் நன்றாகவே இருக்கும்.

பெடல் கிடாருக்காகச் செய்யப்பட்டது, சிக்கல் அங்கேதான். கிடாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் சிறு பங்கு. ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டைத் தொடலாம். டிரம் மெஷினிலிருந்து வருவதோ லைன் லெவல், மிக்சருக்கு நேராகப் போகும் வலுவான சிக்னல். ஸ்டுடியோ அளவான +4 டிபியு (சிக்னலின் வோல்ட் அளவைச் சொல்லும் அலகு) என்றால் சராசரியே 1.23 வோல்ட், கிக் (பெரிய டிரம்மின் அடி) விழும் கணத்தின் உச்சம் அதையும் தாண்டிப் போகும். 9 வோல்ட்டில் ஓடும் பெடலின் முதல் படியே அதைத் தாங்காமல் நசுக்கிவிடுகிறது. ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் கெயின் குமிழுக்கு அப்புறம் என்ன வேலை?

அதனால் முதலில் மெஷினின் வால்யூமைக் கால்வாசிக்கு இறக்குங்கள். பெடலின் கெயினையும் குறைத்து வைத்து, மெஷினை மெதுவாக ஏற்றிக்கொண்டே கேளுங்கள். மிக்சரின் ஆக்ஸ் (ஒலியை வெளியே எடுத்து அனுப்பும் தனி வழி) வழியாக அனுப்புவதென்றால் நடுவில் ரீஆம்ப் பெட்டி ஒன்று இருப்பது நல்லது. கிடார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸுக்கு நேர் எதிராக, லைன் லெவலை பெடலுக்கு ஏற்றபடி அது இறக்கித் தரும்.

லெவலைச் சரிசெய்த பிறகும் சிலருக்கு ஏமாற்றம்தான். கிக்கில் கனமே இருக்காது. டியூப் ஸ்கிரீமர் என்ற பெடல் குடும்பத்தைப் பாருங்கள். அதன் கிளிப்பிங் பகுதியில், அதாவது அலையின் உச்சியை நறுக்கிக் கரகரப்பை உண்டாக்கும் இடத்தில், சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். கிடாருக்கு அது வரம். அடிக்கம்பி குழம்பாது, கீழ்ச்சுருதியை பேஸ் கிடார்காரர் பார்த்துக்கொள்வார். டிரம் மெஷின் கிக்கின் உயிர் இருப்பதோ 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே ஆளே இல்லாமல் போய்விடுகிறது. பிக் மஃப் என்ற பெடலில் வேறு கதை. கீழ்ச்சுருதி நிறைய இருக்கும், டோன் பகுதி நடுச்சுருதியைக் குழியாக்கிவிடும். தனியாகக் கேட்கையில் பிரமாதமாக இருந்த லீட் (முன்னணி மெட்டு), பாட்டில் சேர்த்ததும் காணாமல் போவது இதனால்தான். 1978 வாக்கில் வந்த ராட் பெடலை சிந்தசைசர்காரர்கள் விடாமல் தேடுவதற்குக் காரணம் உண்டு. அதன் ஃபில்டர் குமிழைத் திருப்பினால் காதைக் குத்தும் மேல்பகுதியை வேண்டிய அளவுக்கு மழுங்கடிக்கலாம். ரோலண்ட் டிபி-303 மாதிரியான ஒற்றைச் சுரப் பேஸ் இயந்திரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

என்னைக் கேட்டால், முதல் பெடலாக பேஸ் கிடாருக்கென்று வந்ததையே வாங்கச் சொல்வேன், அதிலும் மூல ஒலியையும் கரகரப்பையும் கலக்கும் பிளெண்ட் குமிழ் உள்ளதை. பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓடிபி-3 பெடலில் பேலன்ஸ் என்ற பெயரில் அந்தக் குமிழ் இருக்கிறது. மூல ஒலியின் அடி அப்படியே நிற்க, மேலே மட்டும் கரகரப்பு சேரும். அது இல்லாவிட்டால் மிக்சரிலேயே செய்யலாம்: மெஷின் ஒரு சேனலில் நேராக, பெடல் இன்னொன்றில். இரண்டையும் சேர்த்ததும் கிக் திடீரென்று மெலிந்தால் பெடல் அலையைத் தலைகீழாக்குகிறது என்று அர்த்தம். மிக்சரில் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள்.

தனித்தனி அவுட் உள்ள மெஷின் கையில் இருந்தால் கிக்கை பெடல் பக்கமே விடாமல், ஸ்னேரையும் ஹைஹேட்டையும் மட்டும் அனுப்பலாம். சிந்தசைசரில் முழுக் கார்டு பிடித்து டிஸ்டார்ஷனுக்குள் விட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகும். மூல சுரமும் பஞ்சமமும் போதும்.

இனி, உண்மையிலேயே பொருளைக் கொல்லும் விஷயம். பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கோர்க் வோல்கா என்ற சின்ன சிந்தசைசர், டிரம் மெஷின் வரிசையும் 9 வோல்ட்தான், ஆனால் அதற்கு நடுமுனை பாசிட்டிவ். முனை மாற்றும் யுனிவர்சல் அடாப்டர் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் மாற்றி மாற்றிச் செருகினால் என்றைக்காவது ஒருநாள் புகை வரும். துளைக்குப் பக்கத்தில் வட்டமும் கூட்டல், கழித்தல் குறியுமாக ஒரு படம் இருக்கும். அதைப் பார்க்காமல் செருகாதீர்கள். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக நாலு பெடலுக்குக் கரண்ட் எடுக்கிறவர்களுக்கு: சாதாரண டிஸ்டார்ஷன் சில மில்லிஆம்பியரோடு நின்றுவிடும், டிஜிட்டல் ரிவெர்ப் 300 மில்லிஆம்பியர் வரை கேட்கலாம். அது பக்கத்துப் பெடலுக்குள் கீச்சென்ற ஒரு சத்தத்தையும் அனுப்பும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகக் கரண்ட் தரும் ஐசொலேட்டட் சப்ளை செலவுதான், ஆனால் இரண்டாவது பெடலுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

பேட்டரியில் பெடல் உயிர் பெறவே இல்லை என்றால் வயரைப் பாருங்கள். பல பெடல்களில் மோனோ ஜாக்கைச் செருகினால்தான் பேட்டரி இணைப்பு முழுமையாகும். டிரம் மெஷினின் ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஸ்டீரியோ வயரைச் செருகினால் அது செத்ததுபோலவே கிடக்கும். வாசித்து முடித்ததும் ஜாக்கைப் பிடுங்கி வைக்காவிட்டால் பேட்டரி காலியாவதும் இதே காரணத்தால்தான்.

நம்ம மலைக்கென்றே ஒரு தொல்லை ஈரம். தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியையும் நனைத்து முடித்த பிறகு, வடகிழக்கு குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிடித்துக்கொள்ளும். ஜாக் கறுக்கும், குமிழ் திருப்பினால் பொரியும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், காண்டாக்ட் கிளீனர் ஒன்று கைவசம் இருக்கட்டும். பனியில் ஜீப்பில் கிடந்த பெட்டியை ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனதும் திறந்தால் உள்ளே நீர் கோக்கும். அரைமணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

ஊர்ப் பண்டிகைக்கு மைக் செட்டில் செருகுவதாக இருந்தால் சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிஸ்டார்ஷன் உச்சத்தை ஏற்றாமலே சராசரிச் சக்தியை ஏற்றிவிடும். மீட்டரில் சிவப்பு எரியாது, மேல்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் மட்டும் சூடேறிக் கருகும். பெடலுக்குப் பிறகு மிக்சரில் ஹை குமிழைக் குறைத்து வையுங்கள். எதிரொலி தரும் டிலே பெடலின் ஃபீட்பேக்கை முழுக்கத் திருப்பி விளையாட ஆசை இருந்தால், சத்தம் தானாக ஏறிக்கொண்டே போகும் என்பதால் ஒரு கை அந்த சேனலின் ஃபேடரிலேயே இருக்கட்டும்.